பந்தெறிந்தவரின் பணிக்காலக் கணக்கு



நம் காலனிப் பிள்ளைகள் மாலைதோறும் கிரிக்கெட் மட்டையும் கையுமாய்த் திரிகின்றனர். அமெரிக்கப் பிள்ளைகளுக்கோ பேஸ்பால். அவ்வாட்டத்தில் பந்தெறிபவர் ஓடிவருவதில்லை. சிறு மேட்டின்மீது நின்றவாறே, தரையில் படாமல் எறிகின்றார். அவ்வாறு எறிந்து பெரும்புகழ் பெற்ற லீராய் பேஜ் என்பாரைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றோம்.

இவர் 1906ஆம் ஆண்டு அலபாமா மாநிலத்து மொபீல் நகரில் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவனாய் இருந்தபோது இரயில் நிலையத்தில் பிரயாணிகளின் பெட்டிகளைச் சுமந்து காசு ஈட்டினார். 'சாச்செல்', அதாவது கைப்பை, என்னும் பட்டப்பெயர் அதனால் ஒட்டிக்கொண்டதென்று அவரே கூறிவந்தார். இரயில்வேயில் உழைக்கும் எமக்கு இவர்பால் தனிப் பற்று உண்டானதில் வியப்பில்லை. பன்னிரண்டு வயதில் சிறு திருட்டுக்காகச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பெற்றார். பந்தெறியும் கலையைச் செம்மையாய்க் கற்றதும் அங்கேதான்.

1926 முதல் கறுப்பினத்தார் குழுக்களில் ஆடினார். வெள்ளையர் ஆடிய பெரிய லீக்குகளில் அவர்களுக்கு இடமில்லை. 1947இல் ஜாக்கி ராபின்சன் அக்கதவைத் திறந்த பின்னர், 1948 ஜூலையில் கிளீவ்லாந்துக் குழு பேஜைக் களமிறக்கியது. அப்போது அவருக்கு வயது 42! நம்மில் பலர் அவ்வயதில் மேம்பாலப் படியேறவே மூச்சு வாங்குகின்றோம். அவரோ அவ்வாண்டு 6 ஆட்டங்களில் வென்று, ஒன்றில் மட்டுமே தோற்றார்.

1965 செப்டம்பரில், 59ஆம் வயதில், கன்சாஸ் நகரக் குழுவுக்காக ஒரே ஒருநாள் ஆடினார். குழு உரிமையாளர் வேடிக்கைக்காக அவருக்கென்று ஓர் ஆடுநாற்காலியும் பணிவிடைக்குத் தாதி ஒருத்தியும் ஏற்பாடு செய்திருந்தார். கிழவர் எழுந்து சென்று மூன்று இன்னிங்ஸ் எறிந்தார். எதிரணிக்கு ஓர் ஓட்டமும் கிட்டவில்லை.

ஆயினும் எழுத்தர் வேலை பார்க்கும் எம் மனத்தை உறுத்துவது வேறொன்று. ஓய்வூதியத்துக்கு வேண்டிய பணிக்காலத்தில் அவருக்கு 158 நாட்கள் குறைந்தன. கறுப்பினக் குழுக்களில் உழைத்த இருபதுக்கு மேற்பட்ட ஆண்டுகள் அக்கணக்கில் சேரவில்லை! சேவைப் பதிவேட்டில் சில நாட்கள் விடுபட்டால் வரும் வேதனையை நாம் அறிவோம். 1968இல் அட்லாண்டா பிரேவ்ஸ் குழுவின் தலைவர் அவரைப் பணியில் சேர்த்துக்கொண்டமையால், 62 வயதில் அந்நாட்கள் நிறைவுற வழி பிறந்தது.

கறுப்பினத்தார் லீக்குகளும் பெரிய லீக்குகளே என்று 2020இல் ஏற்றனர். 2024இல் அவற்றின் ஆட்டக் கணக்குகளையும் பதிவேட்டில் சேர்த்தனர். பேஜ் 1982இலேயே மறைந்துவிட்டார்.