சக்கரம் முதல் பவுன் வரை: நாணயமும் மஹரும்

(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நாணயங்களின் வரலாறு பற்றிப் பேசும்படி செயலாளர் பணித்தார்கள். நாணயம் என்றதும் ரோமாபுரியும் டில்லியும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். நான் திங்கள்சந்தையிலிருந்து தொடங்குகிறேன்.

இங்கே அமர்ந்திருப்பவர்களுள் எண்பதைக் கடந்தவர்களுக்குச் சக்கரமும் பணமும் நினைவிருக்கலாம். நமது பகுதி திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தபோது பதினாறு காசு ஒரு சக்கரம். நான்கு சக்கரம் ஒரு பணம். ஏழு பணம் ஒரு ரூபாய். ஆக, ஒரு ரூபாய்க்கு இருபத்தெட்டுச் சக்கரம், அல்லது 448 காசு. இது சர்க்கார் ரூபாய். பிரிட்டிஷ் இந்தியாவின் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம் கொடுக்க வேண்டும். இந்த அரைச் சக்கர வேறுபாட்டைச் சரியாகக் கணக்கிடத் தெரிந்தவரே நல்ல வியாபாரி எனப்பட்டார். குளச்சல் துறையிலிருந்தும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் சரக்குக் கொண்டுவந்தவர்களுக்கு இரண்டு கணக்கும் மனப்பாடமாக இருந்திருக்கும். இக்காலப் பிள்ளைகளுக்குக் கணிப்பொறி இல்லாமல் இது இயலுமா என்பது ஐயமே.

பழைய வெள்ளிச் சக்கரம் அரைக் கிராம் எடைகூட இராது. விரலிடுக்கில் நழுவிவிடும். ஆகவே அதனை ஒவ்வொன்றாக எண்ணமாட்டார்கள். வரிசையாகக் குழிகள் தோண்டிய மரப்பலகை ஒன்று இருக்கும்; ஒரு கைப்பிடி சக்கரத்தை அதன்மேல் கொட்டி மெல்ல அசைத்தால் குழிக்கு ஒன்றாக அமர்ந்துவிடும். நிரம்பிய பலகை இத்தனை சக்கரம் என்று கணக்கு. 1949-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபின் சக்கரக் கணக்கு மறைந்தது. 1957 ஏப்ரல் முதல் நாள் அணாவும் போய் நயாபைசா வந்தது.

சக்கரத்தின் மதிப்பு அதிலிருந்த வெள்ளியின் மதிப்பு. ரூபாயும் அவ்வாறே இருந்தது. 1835-இல் கிழக்கிந்தியக் கம்பெனி நாடு முழுமைக்கும் பொதுவாக்கிய ரூபாயின் எடை 180 கிரெயின், அதாவது சரியாக ஒரு தோலா. அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. ஜகாத்துக்குரிய வெள்ளியின் அளவு ஐம்பத்திரண்டரைத் தோலா என்று நம் பழைய கிதாபுகளில் படிக்கிறோமே, அதனைப் படித்த நம் முன்னோர் தராசைத் தேடவில்லை. ஐம்பத்திரண்டரை ரூபாயின் எடை என்று உடனே அறிந்துகொண்டார்கள்.

1940-இல், உலகப் போரின் நெருக்கடியில், ரூபாயிலிருந்த வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. 1947-இல் அந்தப் பாதியும் போய் நிக்கல் ரூபாய் வந்தது. பெயர் மாறவில்லை. உள்ளீடு மட்டும் மாறியது.

இத்தகைய மாற்றம் அதற்கு முன்பும் நிகழ்ந்திருக்கிறது. டில்லியில் முஹம்மது பின் துக்ளக் 1329-ஐ ஒட்டிச் செம்பு, பித்தளைக் காசுகளை வெள்ளித் தங்காவின் மதிப்பில் செல்லுபடியாக்கினார். கருத்து பிழையானதன்று, இன்று நம் சட்டைப்பையிலுள்ள நோட்டு அதே கருத்துத்தான். ஆனால் கள்ளக் காசைத் தடுக்க அவரிடம் வழியில்லை. வீட்டுக்கு வீடு காசு அடித்தார்கள். இறுதியில் கருவூலமே வெள்ளி கொடுத்து அக்காசுகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. இதற்கு மாறாக, ஹிஜ்ரி 77-இல் கலீஃபா அப்துல் மலிக் வெளியிட்ட தங்க தீனார் நாலேகால் கிராம் எடை என்ற அளவில் நிலைநிறுத்தப்பட்டது. பத்து திர்ஹம் எடை ஏழு தீனார் எடைக்குச் சமம் என்னும் கணக்கை ஃபிக்ஹு நூல்கள் இன்றுவரை பயன்படுத்துகின்றன.

வளைகுடா சென்ற குடும்பங்கள் இங்கு ஏராளம் என்பதால் இன்னொன்றையும் கூறிவிடுகிறேன். ஒரு காலத்தில் குவைத்திலும் பஹ்ரைனிலும் துபாயிலும் இந்திய ரூபாயே செலாவணி. அந்த ரூபாயைக் கொண்டு தங்கம் கடத்தப்பட்டதால், 1959-இல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே வேறு நிறத்தில் தனி நோட்டு அச்சிட்டது. அதே ஆண்டில் ஹாஜிகளுக்கென்று பத்து ரூபாய், நூறு ரூபாய் ஹஜ் நோட்டுகளும் வந்தன. 1966 ஜூன் 6-ஆம் நாள் நமது அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. டாலருக்கு 4 ரூபாய் 76 பைசா என்றிருந்தது ஏழரை ரூபாய் ஆயிற்று. அதே ஆண்டில் துபாயும் கத்தாரும் நம் ரூபாயைக் கைவிட்டன. குவைத்தும் பஹ்ரைனும் முன்னரே விலகியிருந்தன. நம் ரூபாயைத் தம் பணமாகக் கொண்டிருந்த அந்த நாடுகளுக்கு அதன்பின் நம் பிள்ளைகள் தினாரும் திர்ஹமும் ஈட்டச் சென்றார்கள்.

இனி, நான் பேச விரும்பிய செய்திக்கு வருகிறேன்.

என் உம்மாவைப் பெற்றவருக்கு 1930-களில் நிகாஹ் நடந்தது. மஹர் 101 பிரிட்டிஷ் ரூபாய். அன்றைய ரூபாயில் அது ஒரு கிலோவுக்கும் அதிகமான சுத்த வெள்ளி. 1958-இல் என் உம்மாவின் நிகாஹ்; மஹர் அதே 101 ரூபாய். “குடும்ப வழக்கம்” என்றார்களாம். அப்போது பத்துக் கிராம் தங்கம் சுமார் நூறு ரூபாய். ஆகவே அந்த மஹர் ஒன்றேகால் பவுன் பெறும். ஆனால் அது பின்னர் கொடுப்பதாக எழுதப்பட்டது. 1996-இல் வாப்பா மவுத்தானார்கள். கடன்களைத் தீர்க்க அமர்ந்தபோது மஹரும் கடன்தானே என்று 101 ரூபாயை எண்ணி உம்மாவின் கையில் வைத்தோம். தங்கம் அப்போது பத்துக் கிராம் ஐயாயிரம் ரூபாயைத் தாண்டியிருந்தது. கால் கிராம்கூட வாங்க இயலாத தொகை அது. உம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதனை ஜும்ஆ உண்டியலில் போடச் சொன்னார்கள். அந்த மௌனம் இன்றும் என் மனத்தை உறுத்துகிறது. 2025-இல் பத்துக் கிராம் தங்கம் ஒரு லட்சம் ரூபாயையும் கடந்துவிட்டது.

ஒன்றைக் கவனியுங்கள். நம் மாவட்டத்தில் பெண்ணுக்கு என்ன போடுகிறீர்கள் என்று கேட்பவர்கள் ரூபாயில் கேட்பதில்லை. பவுனில் கேட்கிறார்கள். ரூபாய் கரையும் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. அப்படிக் கேட்பது கூடாது என்பது வேறு. அதனை ஹஸ்ரத் அவர்கள் பலமுறை கூறிவிட்டார்கள். ஆனால் அதே வீட்டார், அதே நிகாஹ் பதிவேட்டில், பெண்ணுக்குரிய மஹரை மட்டும் ரூபாயில் எழுதுகிறார்கள். பெண் கொண்டுவருவது எடையில், பெண்ணுக்குச் சேரவேண்டியது எண்ணில். இது அறிந்தே செய்யும் அநீதி என்று நான் கூறவில்லை. பெரும்பாலும் பழக்கந்தான். ஆயினும் இழப்பு பெண்ணுக்கே.

பழைய கடனை எண்ணிக்கையில் தீர்ப்பதா, மதிப்பில் தீர்ப்பதா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. செம்புக் காசின் மதிப்பு மாறினால் வாங்கிய நாளின் மதிப்பையே கொடுக்க வேண்டும் என்பது இமாம் அபூயூசுஃப் அவர்களின் கருத்து. 1988-இல் குவைத்தில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு அகாடமி, கடனை அதே எண்ணிக்கையில் திருப்பினால் போதும் என்று தீர்மானித்தது. இதில் தீர்ப்புச் சொல்ல நான் ஆலிம் அல்லன். ஏற்கெனவே எழுதப்பட்டவற்றை உலமாக்களிடம் விட்டுவிடுவோம். கணவரோ வாரிசுகளோ மனமுவந்து கூட்டிக் கொடுப்பதை எந்தத் தீர்மானமும் தடுக்கவில்லை.

இனி எழுதப்போகும் நிகாஹ்களுக்கு இந்தச் சிக்கலே வேண்டியதில்லை. மஹரை நிகாஹ் வேளையிலேயே கையில் கொடுத்துவிட்டால் பேச்சே இல்லை. பின்னர் கொடுப்பதாக இருந்தால் தங்கத்தின் எடையாக எழுதலாம். கிராம் எத்தனை, இருபத்திரண்டு காரட்டா இருபத்துநான்கு காரட்டா என்பதையும் குறிக்க வேண்டும். பவுன் என்று மட்டும் எழுதினால் நாளை அதிலும் வழக்கு வரும். எட்டுக் கிராம் என்று நாம் எண்ணுகிறோம், ஆனால் இங்கிலாந்துப் பவுன் நாணயம் எட்டுக் கிராமுக்குச் சற்றுக் குறைவு. மாப்பிள்ளையின் தகுதிக்கு மீறி எழுதச் சொல்லவில்லை. இரண்டு கிராம் என்றாலும் அது இரண்டு கிராமாகவே நிற்கும்.

நமது நிகாஹ் பதிவேட்டில் “மஹர் தொகை” என்று ஒரே ஒரு கட்டம் இருக்கிறது. அடுத்த பதிவேடு அச்சிடும்போது “எடை, தரம், கொடுக்கப்பட்ட நாள்” என மூன்று கட்டங்கள் சேர்க்கும்படி நிர்வாகக் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். இருக்கும் பதிவேட்டில் இன்னும் சில பக்கங்களே மீதமிருப்பதாகச் செயலாளர் சற்றுமுன் கூறினார்கள்.