கரடு நிலத்தில் இறங்கிய சிறு விமானம்



ஆகாய விமானம் என்றவுடன் வானத்தில் அது பறக்கும் காட்சியே நம் மனக்கண் முன் வந்து நிற்கும். ஆனால் விமானிக்குக் கவலை தருவது தரையில் வந்து சேரும் அந்த ஒரு நிமிடமே. அதுவும் விமான நிலையமாகச் செப்பனிடப்படாத வெற்று நிலத்தில் இறங்க நேர்ந்துவிட்டால் கவலை பன்மடங்காகும். இதனை ஏமி ஜான்சன் என்ற ஆங்கிலப் பெண்மணியின் பயணத்தைக் கொண்டே விளக்கலாம் என்று கருதுகிறேன்.

1930ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் நாள், இருபத்தாறு வயதான ஏமி, இலண்டனை அடுத்த குரோய்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் புறப்பட்டார். அதுவரை அவர் விமானம் ஓட்டிப் பழகியது 100 மணி நேரத்துக்கும் குறைவு. அவருடைய 'ஜேசன்' ஒரு ஜிப்ஸி மாத் விமானம். மரச்சட்டம், அதன்மேல் இழுத்துக் கட்டிய துணி, முன்னால் சுமார் 100 குதிரைச் சக்தியுள்ள ஓர் இயந்திரம், அவ்வளவுதான். சக்கரங்களுக்குப் பிரேக் கிடையாது. வாலின் அடியில் ஊன்றுகோல் போன்ற ஒரு கட்டை தரையில் உரசுவதே வேகத்தைத் தணிக்கும்.

ஆறே நாளில் அவர் கராச்சியை எட்டினார். இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1928இல், ஹிங்க்லர் என்பவர் ஆஸ்திரேலியாவுக்குப் பதினைந்தரை நாளில் பறந்திருந்தார். கராச்சியை அடைந்தபோது ஏமி அவரைவிட இரண்டு நாள் முந்தியிருந்தார். அடுத்து, பெட்ரோல் குறைந்துபோனதால் ஜான்சியில் படையினரின் அணிவகுப்பு மைதானத்தில் இறங்கினார். அங்கே இறக்கைக்குச் சேதம் ஏற்பட்டது. அதைச் செப்பனிட்டுக்கொண்டு கல்கத்தா சென்று, பர்மாவை நோக்கிப் பறந்தார்.

மே 13ஆம் நாள். மழை, மேகம் தாழ்ந்து கிடந்தது. இரங்கூன் குதிரைப் பந்தயத் திடலில் அவர் இறங்க வேண்டும். அதைத் தேடிச் சுற்றியவர், அருகிலுள்ள இன்சேன் என்னும் ஊரின் தொழில்நுட்பப் பள்ளி விளையாட்டு மைதானத்தையே பந்தயத் திடல் என்று கருதி இறங்கிவிட்டார். கால்பந்து மைதானத்தின் நீளம் 100 முதல் 130 கஜம் என்பது உங்களுக்குத் தெரியும். பிரேக் இல்லாத விமானத்துக்கு அது எம்மட்டு? ஜேசன் மைதானத்தைக் கடந்து ஓடி ஒரு பள்ளத்தில் விழுந்தது. சுழல்விசிறி முறிந்தது, சக்கரத் தாங்கிகளும் ஓர் இறக்கையும் சேதமுற்றன.

இங்கே சற்று நின்று கணக்கொன்று போட்டுப் பார்ப்போம்; கணக்கு ஆசிரியனாக இருந்தவனுக்கு அந்த ஆசை விடாது. விமானம் காற்றில் மணிக்கு 40 மைல் வேகத்தில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 மைல் காற்று எதிரே வீசினால் தரையைத் தொடும் வேகம் 30 மைல். அதே காற்று பின்னாலிருந்து வீசினால் 50 மைல். ஓடும் பொருளின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 30இன் வர்க்கம் 900, 50இன் வர்க்கம் 2500. ஆகவே பின்காற்றில் இறங்குபவர் ஏறக்குறைய மூன்று மடங்கு ஆற்றலைத் தரையிலே செலவழித்தாக வேண்டும். விமான நிலையத்தில் காற்றின் திசையைக் காட்டத் துணிப்பை ஒன்று கம்பத்தில் பறக்கும். வெற்று நிலத்தில் அதற்கு எங்கே போவது? புகையையோ மரக்கிளையையோ பார்த்து ஊகிக்க வேண்டியதுதான்.

மற்றோர் இடரும் உண்டு. மேலிருந்து பார்ப்பவருக்கு எல்லா நிலமும் பாய் விரித்தாற்போல் சமமாகவே தோன்றும். புல் மூடிய வாய்க்காலும், மழையில் ஊறிய சேறும் சக்கரம் தொட்ட பின்னரே தம்மைக் காட்டிக்கொள்ளும். சைக்கிளின் முன்சக்கரம் குழியில் சிக்கினால் ஓட்டுபவர் கைப்பிடிக்கு மேலாகத் தூக்கி எறியப்படுகிறார் அல்லவா? அதுபோலவே சக்கரம் தடைப்பட்டதும் விமானத்தின் வால் மேலெழும்பும், மூக்கு மண்ணில் குத்தும், விசிறி முறியும்.

இன்சேனில் ஏமியைக் காப்பாற்றியவை இரண்டு. மாற்று விசிறி ஒன்றை விமானத்தின் பக்கவாட்டில் கட்டிக் கொண்டுவந்திருந்த முன்யோசனை ஒன்று. அவர் அரசாங்க உரிமம் பெற்ற விமானப் பொறிவினைஞர் என்பதை மறக்கலாகாது. மற்றொன்று, அந்தப் பள்ளி ஆசிரியர்களும் மாணவர்களும் நல்கிய உதவி. முதல் உலகப் போரில் எஞ்சிய விமானத் துணியைக் கொண்டு தைத்திருந்த சட்டைகள் அவ்வூரில் கிடைத்தன. அச்சட்டைகள் மீண்டும் இறக்கைக்கே போய்ச் சேர்ந்தன! ஹிங்க்லரை முந்தும் நம்பிக்கை மட்டும் அந்தப் பள்ளத்தோடு போயிற்று. மே 16ஆம் நாள்தான் அவரால் இரங்கூனைவிட்டுக் கிளம்ப முடிந்தது.

ஜாவாத் தீவில் ஒரு சர்க்கரை ஆலையின் நிலத்தில் இறங்கியபோது, வீடு கட்ட அளவு குறித்து நட்டிருந்த மூங்கில் முளைகள் இறக்கைத் துணியைக் கிழித்தன. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டு பயணம் தொடர்ந்தது. திமோர் தீவிலோ பொழுது சாயும் வேளையில், ஆளுயரக் கறையான் புற்றுகள் நிறைந்த வயலில் இறங்கினார். அங்கே விமானத்துக்கு ஒரு கீறலும் இல்லை. அது திறமையா, நல்வாய்ப்பா? இரண்டுந்தான் என்று நான் நினைக்கிறேன்.

மே 24ஆம் நாள் அவர் டார்வின் நகரை அடைந்தார். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியே பறந்த முதற்பெண் அவரே. ஐந்து நாள் கழித்து, பெருங்கூட்டம் காத்திருந்த பிரிஸ்பேன் விமானத் திடலில் இறங்கும்போது ஓடுதரை போதாமல் எல்லையைத் தாண்டி, ஜேசன் தலைகீழாகக் கவிழ்ந்தது. இத்தனைக்கும் அது செப்பனிட்ட திடல். ஏமி காயமின்றி வெளிவந்தார். அந்த விமானம் பிற்பாடு செப்பனிடப்பட்டு இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது.