கர்ப்பிணித் தாய்மார் கவனத்திற்கு: நடு மூன்று மாதங்கள்

(தஞ்சோங் ரம்புத்தான் வட்டாரத் தோட்டத் தாய்மார்களிடையே நிகழ்த்திய சொற்பொழிவு)



பிள்ளைப்பேற்றைப் பற்றிப் பேசும் இந்தக் கூட்டத்திற்கு ஆண்களும் வந்து அமர்ந்திருப்பது கண்டு மகிழ்கிறோம். பிள்ளை இருவருக்கும் பிறக்கிறது. ஆகவே இந்தப் பேச்சும் இருவருக்கும் உரியது.

கர்ப்ப காலம் ஏறக்குறைய 40 வாரம். வைத்தியர்கள் அதை மூன்று பருவங்களாகப் பிரிக்கிறார்கள். முதற்பருவத்தில் மசக்கை, தலைச்சுற்றலும் வாந்தியும் வாட்டும்போது வீட்டார் இரக்கப்படுவார்கள். கடைசிப் பருவத்தில் வயிறு பெருத்து, நடை தளர்ந்துவிடும், அப்போதும் இரக்கப்படுவார்கள். இடையில், 14-ஆம் வாரம் முதல் 27-ஆம் வாரம் முடிய உள்ள நடுப்பருவத்தை மட்டும் எவரும் பெரிதாக எண்ணுவதில்லை. வாந்தி நின்றுவிடுகிறது; பசி எடுக்கிறது; முகத்தில் களை வருகிறது. "நன்றாகத்தானே இருக்கிறாள்" என்று மாமியாரும் சொல்வார். அவளும் அப்படியே நினைப்பாள். கிளினிக் தேதி வந்தால், ஒரு நாள் கூலி போகுமே என்று தள்ளிப்போடுவாள்.

ஆபத்து அங்கேதான் இருக்கிறது. இரத்தச்சோகை, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகிய மூன்றும் வலியோ சத்தமோ இல்லாமல் இந்த மாதங்களில் தலைகாட்டக் கூடியவை. இதைச் சொல்லவே உங்கள் முன் நிற்கிறோம்.

முதலில், இந்தப் பருவத்தில் எதை எதிர்பார்க்கலாம் என்று பார்ப்போம். 14-ஆம் வாரத்தில் பிள்ளை ஓர் எலுமிச்சம்பழ அளவே இருக்கும். 20-ஆம் வாரத்தில் கால் கிலோவைத் தாண்டிவிடும். அப்போது கருப்பை தாயின் தொப்புள் மட்டத்திற்கு ஏறியிருக்கும். நடுப்பருவம் முடியும்போது பிள்ளையின் எடை ஒரு கிலோவை நெருங்கும். தலைப்பிள்ளைக்காரிக்கு 18 முதல் 20 வாரத்திற்குள் பிள்ளை அசைவது தெரியும். முன்னே பெற்றவளுக்குச் சற்று முந்தியே தெரியும். 24-ஆம் வாரம் ஆகியும் அசைவே தெரியவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். உடனே கிளினிக்குக்குப் போய்ச் சொல்லுங்கள்.

இடுப்புவலி, நெஞ்சு எரிச்சல், மலச்சிக்கல், இரவில் கெண்டைக்கால் பிடிப்பு, பல் ஈறில் இரத்தக் கசிவு, வயிற்றின் நடுவே ஒரு கருங்கோடு, எல்லாம் இந்தப் பருவத்தில் வருபவையே. இவற்றுக்குப் பயப்பட வேண்டாம். ஆயினும் தாதியிடம் சொல்லி வையுங்கள். மல்லாந்து படுத்தால் தலை சுற்றும் தாய்மார் ஒருக்களித்துப் படுக்க வேண்டும்.

இனி இரத்தத்தின் கதைக்கு வருவோம். கர்ப்பிணியின் உடம்பில் இரத்தத்தின் நீர்ப்பகுதி வெகுவாகப் பெருகுகிறது. சிவப்பணுக்கள் அந்த அளவுக்குப் பெருகுவதில்லை. ஒரு பானைக் குழம்பில் இன்னும் அரைப் பானைத் தண்ணீர் ஊற்றினாற்போல் இரத்தம் நீர்த்துப்போகிறது. அதே சமயத்தில் பிள்ளையும் தன் பங்குக்கு இரும்புச்சத்தை இழுத்துக்கொள்கிறது. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராம் இருக்க வேண்டும் என்பது பொதுக்கணக்கு, நடுப்பருவத்தில் 10.5-க்குக் கீழே இறங்கினால் அது இரத்தச்சோகை என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. இரத்தம் குறைந்த தாய்க்குக் குறைமாதப் பிள்ளையும் எடை குறைந்த பிள்ளையும் பிறக்கக் கூடும். பிரசவத்தில் சிறிது இரத்தம் போனாலும் அவளால் தாங்க முடியாது.

இந்த நோயின் சரித்திரத்தில் தொழிலாளர் வர்க்கத்துக்கு ஒரு பாடம் இருக்கிறது. 1928-ஆம் ஆண்டு லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் வைத்தியர் இந்தியாவுக்கு வந்தார். பம்பாயில் பஞ்சாலைத் தொழிலாளப் பெண்களைக் கர்ப்ப காலத்தில் தாக்கிவந்த ஒருவகைக் கொடிய இரத்தச்சோகையை ஆராய்ந்தார். நம் தமிழ்நாட்டிலும், குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்திலும் சென்னைக் கோஷா ஆஸ்பத்திரியிலும் அந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். கிருமி காரணமா என்று பார்த்தார். அது காரணமாக அகப்படவில்லை. அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். காரணத்தின் வாசல் அங்கே திறந்தது. ஏழையின் தட்டில் சத்தான ஆகாரம் இல்லை! ஈஸ்டிலிருந்து தயாரிக்கும் மார்மைட் என்ற மலிவான பண்டத்தைக் கொடுத்தார், நோயாளிகள் தேறினார்கள். 1931-ல் தம் முடிவை வெளியிட்டார். அந்தச் சத்து இன்னதென்று அப்போது எவருக்கும் தெரியாது. 1941-ல் கீரையிலிருந்து பிரித்தெடுத்த ஃபோலிக் அமிலமே அது என்று பின்னர் தெரியவந்தது. இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வைத்தார்கள்.

கிளினிக்கில் இரும்புச்சத்து மாத்திரையோடு கொடுக்கும் ஃபோலிக் அமில மாத்திரை இந்தச் சத்துத்தான். பஞ்சாலைப் பெண்கள் பட்ட பாட்டில் கிடைத்த அறிவு அது. அதை வாங்கி வந்து அலமாரியில் போட்டு வைப்பது தகுமா, தாய்மார்களே?

மாத்திரை தின்றால் பிள்ளை கறுத்துவிடும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். மாத்திரை தின்பதால் மலம் கறுக்கும்; பிள்ளை கறுக்காது. தேத்தண்ணீரோடும் கோப்பியோடும் பாலோடும் அதை விழுங்கினால் சத்து உடம்பில் சேராது. ஒரு மணி, இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டு, எலுமிச்சஞ்சாறு கலந்த தண்ணீரோடு விழுங்குங்கள். கால்சியம் மாத்திரை கொடுத்திருந்தால் அதை வேறு வேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகாரத்திற்கு ஐயாயிரம் செலவழிக்க வேண்டியதில்லை. வேலியோரத்து முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி, நெத்திலி, முட்டை, பருப்பு, கொய்யா ஆகியவை போதும். அதிகம் தின்றால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும் என்று வயிற்றைக் கட்டுவது தவறு. தோட்டத்தில் வெறுங்காலோடு நடந்தால் கொக்கிப்புழு காலின் வழியே ஏறி இரத்தத்தைக் குடிக்கும். ஆகவே செருப்பில்லாமல் வெளியே இறங்காதீர்கள். பூச்சி மருந்தை டாக்டர் சொன்னால் மட்டும் சாப்பிடுங்கள்.

அடுத்து, சோதனைகள். 18 முதல் 22 வாரத்திற்குள் ஸ்கேன் எடுத்துப் பிள்ளையின் அங்கங்களைப் பார்ப்பார்கள். 24 முதல் 28 வாரத்திற்குள் சர்க்கரைத் தண்ணீர் குடிக்கவைத்து இரத்தம் எடுப்பார்கள். நம் இந்தியப் பெண்களுக்குக் கர்ப்ப காலச் சர்க்கரை வரும் வாய்ப்பு அதிகம். அந்தச் சோதனையைத் தட்டிக் கழிக்காதீர்கள். 20-ஆம் வாரத்திற்குப் பிறகு இரத்த அழுத்தம் 140-க்கு 90 என்ற அளவைத் தொட்டால் அது எச்சரிக்கை. கடுந்தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகமும் கையும் வீங்குதல், இரத்தப் போக்கு, நீர் கசிதல், விட்டுவிட்டு வரும் வயிற்றுவலி, காய்ச்சல், பிள்ளையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும், நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும். பொழுது விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

கிளினிக்கில் கொடுக்கும் ரோஸ் நிறப் புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். அதில் நான்கு நிறங்களில் அடையாளம் இடுவார்கள். வெள்ளை என்றால் தாதியின் கவனிப்பே போதும். பச்சை என்றால் கிளினிக் டாக்டர் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் ஆஸ்பத்திரி நிபுணரிடம் காட்ட வேண்டும். சிவப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால், வண்டிக்கு யாரைக் கேட்பது என்று அன்றைக்குத் தேடாமல், இன்றைக்கே ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.

நம் ஊரின் பெயரைச் சொன்னால் வெளியூர்க்காரர் சிரிப்பார்கள். 1911-ல் இங்கே மனநோய் ஆஸ்பத்திரி ஏற்பட்டதே காரணம். சிரிப்பவர் சிரிக்கட்டும். கர்ப்பிணிக்குத் தூக்கம் கெட்டு, எந்நேரமும் அழுகையும் பயமுமாக இருந்தால் அதுவும் வைத்தியம் உள்ள நோய்தான். வெட்கப்படாமல் தாதியிடம் சொல்லுங்கள்.

இனி வேலையைப் பற்றி. மரம் சீவும் தாய் பால் நிறைந்த வாளிகளைத் தூக்கிச் சரிவில் இறங்குவது இந்த மாதங்களில் ஆகாது. வயிறு பெருக்கப் பெருக உடம்பின் நிதானம் மாறுகிறது. வழுக்கினால் விழுவது இருவர். களைக்கொல்லி மருந்தடிக்கும் வேலை அறவே கூடாது. பாராகுவாட் என்ற நஞ்சு இந்நாட்டில் 2020 ஜனவரி முதல் நாளில் தடைசெய்யப்பட்டது. ஆனால் மற்ற மருந்துகளும் கர்ப்பிணி சுவாசிக்கத் தக்கவை அல்ல. இலகுவான வேலை வேண்டும் என்று கிளினிக் கடிதத்தோடு நிர்வாகத்தை எழுத்தில் கேளுங்கள்; சங்கக் கிளைக்கும் ஒரு நகல் கொடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் 2022-ல் திருத்தப்பட்டு, 2023 ஜனவரி முதல் பிரசவ விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. கர்ப்பமாக இருக்கிறாள் என்பதற்காக ஒருத்தியை வேலையிலிருந்து நீக்க முடியாது. பிரசவத்திற்கு முன் 60 நாளைக்குள் நிர்வாகத்திற்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பிரசவப் பணம் தாமதமாகலாம். ஓராண்டு வேலை செய்த, மணமான தகப்பனுக்கும் இப்போது சம்பளத்தோடு ஏழு நாள் விடுமுறை உண்டு. அந்த ஏழு நாளை வீட்டு வேலைக்கும் பிள்ளை வேலைக்கும் செலவிடுங்கள், சகோதரர்களே!

ஆபீசிலுள்ள கிராணிமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். கர்ப்பிணி கிளினிக் சீட்டைக் கொண்டுவந்து நீட்டினால் முகம் சுளிக்காதீர்கள். சட்ட நுணுக்கம் அவளுக்குத் தெரியாமலிருக்கலாம், உங்களுக்குத் தெரியும். அறிவிப்புக் கடிதத்தை எழுதிக் கொடுங்கள்.

தாய்மார்களே! உடம்பு சுகமாக இருக்கும் இந்த மாதங்களில்தான் இரத்தத்தைக் கூட்டலாம்; அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஆரம்பத்திலேயே பிடிக்கலாம். வலி வந்தபின் ஓடுவதைக் காட்டிலும், வலி இல்லாத நாளில் நடந்து போவது எளிது. அடுத்த கிளினிக் தேதி என்ன என்று இன்றிரவே உங்கள் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். அந்த நாளில் தவறாமல் போய் வாருங்கள்.