கூமாப்பட்டி வகுப்பறையில் ஒரு கைப்பேசி



சாத்திர தானம் நமக்குப் புதிதன்று. கழுகுமலைக் கல்வெட்டுகளில் குரவர், குரத்தியர், மாணாக்கர் எனப் பலர் குறிக்கப்பட்டுள்ளனர். ஏடுகளைப் படியெடுத்து வழங்குவதை நம் முன்னோர் அறமாகக் கொண்டனர். இன்று நாம் மடிக்கணினியும் கைக்கணினியும் வழங்க விழைகிறோம். அதன்பொருட்டு, கூமாப்பட்டி வட்டாரத்தில் அறிவியல் கற்பித்து வருபவன் என்னும் முறையில் சில கூற விரும்புகிறேன்.

2018-இல் வந்த புதிய பாடநூல்களில் க்யூ.ஆர். குறியீடுகள் இடம்பெற்றன. மறு ஆண்டு ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பெற்றது. இவற்றின் அருமை 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது விளங்கியது. குறையும் அப்போதுதான் விளங்கியது. நானும் வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்பினேன். ஒரு மாணவியின் விடைகள் மட்டும் நாள்தோறும் இரவு பத்து மணிக்கு மேல் வந்தன. சோம்பல் என்றெண்ணிக் கடிந்து எழுதினேன். வீட்டில் இருந்தது ஒரே கைப்பேசி; அது விடியலில் தந்தையாருடன் தென்னந்தோப்புக்குச் சென்று, இருட்டிய பின்னரே திரும்பும். பள்ளி திறந்த பிறகுதான் அறிந்தேன். அப்பெண் என்னிடம் ஒரு சொல்லும் குறைகூறவில்லை. அந்தக் கடுஞ்சொல்லை நினைக்குந்தோறும் இன்றும் நாணுகிறேன்.

2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், மாலை வேளைகளில் தன்னார்வலர்கள் பிள்ளைகளைத் தம் தெருவிலேயே அமர்த்திக் கற்பித்தனர். விடுபட்ட எழுத்தும் எண்ணும் பலருக்கு மீண்டது, அருகே அமர்ந்து கேட்க ஓர் ஆள் இருந்ததனாலேயே.

இனி, 2025 ஜூனில் நிகழ்ந்ததைத் தாங்கள் அறிவீர்கள். இன்ஸ்டாகிராமில் வந்த காணொளிகளால் கூமாப்பட்டியின் பெயர் ஊரெங்கும் பரவிற்று. நீர் ததும்பும் தீவு என்று நம்பி வந்தோர் பலர், அந்நீர்ப்பெருக்கைக் காணாமல் திரும்பினர். அக்காணொளியையே வகுப்பறைத் திரையில் ஓடவிட்டேன். “இது எம்மாதத்தில் எடுக்கப்பட்டிருக்கும்?” என்று மட்டும் கேட்டேன். “தீபாவளி கழிந்துதான் சார் வாய்க்காலில் இப்படித் தண்ணீர் போகும்” என்றான் கடைசி வரிசைச் சிறுவன். அதுவரை வகுப்பில் வாய் திறவாதவன் அவன்! அங்கிருந்து வடகிழக்குப் பருவமழைக்கும், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துப் பிளவக்கல் அணைகளுக்கும் பாடம் சென்றது. நாளிதழில் வரும் அணை நீர்மட்டத்தை ஒரு மாதம் குறித்து வைத்து, வரைபடம் வரைந்தனர். பெரியாறு அணையின் உயரம் சுமார் 47 அடி. நீர் அதில் எத்தனை அடி என்பதைத் தாமே கணக்கிட்டனர். திரையில் காண்பதனைத்தையும் நம்பலாகாது என்று நான் கூறவில்லை. கூற வேண்டிய தேவையும் எழவில்லை. தம் ஊரைப் பற்றிய பொய்யையும் மெய்யையும் பிரித்தறிய அவர்களிடம் வாய்க்கால் இருந்தது, தாத்தா இருந்தார்.

இப்பாடத்திற்கு வேண்டியிருந்தது ஒரு கைப்பேசியும் ஒரு திரையும். முப்பது பிள்ளைகளுக்கு முப்பது கருவிகள் இருந்திருப்பின், அச்சிறுவன் தலைகுனிந்து தன் கருவியையே நோக்கியிருப்பான் என்பது என் எண்ணம், மாறுபடுவோரும் இருக்கலாம்.

ஆகவே அறக்கட்டளையாரிடம் ஒரு வேண்டுகோள். தனித்தனிக் கருவிகளைக் குறைத்து, பள்ளிக்குப் பொதுவாகத் திரை ஒன்று வழங்குங்கள். மிஞ்சும் தொகையை, மாலை வகுப்பெடுக்க முன்வரும் நம் இளைஞர்களின் பேருந்துச் செலவுக்கு ஒதுக்குங்கள். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளலாம்.