பீட்டாவைத் தொடலாம், அசல் ஃபைலைத் தொடாதீங்க

"ஆபீஸ் சாஃப்ட்வேரோட புது பீட்டா வந்திருக்கே, போட்டுப் பாக்கலாமா?"ன்னு அடிக்கடி கேக்குறீங்க. பாக்கலாம். ஆனா நான் பண்ணின மாதிரி மட்டும் பண்ணாதீங்க.

எங்க அக்கா பிஎச்.டி. ஆய்வேடு எழுதிட்டு இருந்த சமயம். இருநூறு பக்கத்துக்கு மேல, பக்கத்துக்கு ரெண்டு மூணு அடிக்குறிப்பு. ஃபார்மேட் பண்ற வேலை என்னோடது. அப்போ ஒரு ஆபீஸ் தொகுப்போட பீட்டா வந்துச்சு. ஆசைல பழசை எடுத்துட்டு அதைப் போட்டேன். நாலு நாள் வேலை செஞ்சேன், ஒரு தடவைகூட அது நிக்கல. 'இதைப் போயி ஏன் பீட்டாங்கிறாங்க?'ன்னுகூட நினைச்சேன்.

அஞ்சாவது நாள் பிரிண்ட் எடுக்கிற கடையில பென் டிரைவைக் கொடுத்தோம். அவங்ககிட்ட இருந்தது பழைய வெர்ஷன். திறந்தா, பாதி அடிக்குறிப்பைக் காணோம். வீட்டுக்கு ஓடிவந்து பீட்டாவுலயே திறந்து பாத்தேன். அங்கயும் இல்ல! அதாவது, சேமிக்கும்போதே அதை விட்டிருக்கு. நானும் அதே ஃபைல் மேல நாலு நாளா சேமிச்சிருக்கேன். அக்கா என்னைத் திட்டல. நோட்டுப் புத்தகத்தை எடுத்துவச்சு, மூணு ராத்திரி உக்காந்து குறிப்பெல்லாம் திரும்ப அடிச்சாங்க. திட்டியிருந்தாக்கூட பரவாயில்லைன்னு இருந்துச்சு.

இதுல நான் கத்துக்கிட்டது ஒண்ணுதான். பீட்டா திடீர்னு மூடிக்கிறது பெரிய ஆபத்தே இல்ல, அது கண்ணுக்குத் தெரியும். சத்தமில்லாம தப்பா சேமிக்கிறதுதான் ஆபத்து. அது நமக்குத் தெரியவே நாளாகும்.

பீட்டாவுல தப்பே இல்லைன்னாலும் சிக்கல் வரலாம். 2005-ல ஓப்பன்ஆபீஸ் 2.0 பீட்டா வந்தப்போ, வழக்கமான ஃபைல் வகையே எஸ்எக்ஸ்டபிள்யூ-ல இருந்து ஓடிடி-க்கு மாறிடுச்சு. அதுல சேமிச்சு அனுப்பினா, 1.1.4 வச்சிருந்தவங்களால திறக்க முடியாது. பழைய வரிசையில 1.1.5 வந்த பிறகுதான் அதைப் படிக்க முடிஞ்சது. இன்னொண்ணு, காலாவதி. மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 2010 பீட்டா 2009 நவம்பர்ல பொதுமக்களுக்கு வந்துச்சு. 2010 அக்டோபர் 31-ஓட அதோட ஆயுசு முடிஞ்சுது. இலவசமா கிடைச்சதுன்னு அதையே நம்பி இருந்தவங்க, அதுக்குள்ள வேற வழி பாத்தாகணும்.

அப்போ பீட்டாவே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். 2017-ல வந்த லிப்ரெஆபீஸ் 5.3-ல எழுத்துகளை அடுக்கிக் காட்டுற எஞ்சினையே மாத்தி, எல்லா இயங்குதளத்துக்கும் ஹார்ஃப்பஸ் கொண்டுவந்தாங்க. இந்த மாதிரி மாற்றத்துல ஆங்கிலத்துல எழுதுறவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாமப் போகலாம். நமக்கு அப்படி இல்ல. 'கொ'ன்னு எழுதினா கொம்பு இடது பக்கம், கால் வலது பக்கம் வந்து உக்காரணும். அது சரியா வருதான்னு தமிழ்ல அடிச்சுப் பாக்குற ஆள்தான் சொல்ல முடியும். பீட்டாவுல நாம பாக்கலைன்னா, அந்தத் தப்பு இறுதி வெர்ஷன்ல நம்ம தலைலதான் விழும்.

அதனால பாருங்க, ஆனா இப்படிப் பாருங்க. ஒண்ணு, அசல் ஃபைலைத் திறக்காதீங்க, நகலை மட்டும் திறங்க. ரெண்டு, பழைய வெர்ஷனை எடுக்காதீங்க. லிப்ரெஆபீஸ் பீட்டா வழக்கமா தனிப் பேர்ல, தனி அமைப்புகளோட பக்கத்துலயே உக்காரும். ஆனா ஆர்.சி.ன்னு வர்றது பழசு மேலயே ஏறிடும், கவனம். மூணு, பீட்டாவுல சேமிச்ச நகலைப் பழைய வெர்ஷன்ல திறந்து, அடிக்குறிப்பு, அட்டவணை, பக்க எண் எல்லாம் இருக்கான்னு பாருங்க. நாலு, தப்பு கண்டுபிடிச்சா எந்த வெர்ஷன், என்ன செஞ்சீங்க, என்ன ஆச்சுன்னு எழுதி, ஒரு சின்ன மாதிரி ஃபைலோட அவங்களுக்கு அனுப்புங்க.

நாளைக்கு யாருக்காவது கொடுக்க வேண்டிய வேலை கையில இருந்தா, இன்னைக்குப் பீட்டா பக்கமே போகாதீங்க.

அக்கா இப்போ டாக்டர் பட்டம் வாங்கிட்டாங்க. ஆனா இன்னைக்கும் ஃபைல் அனுப்பும்போது, "தம்பி, எதுல திறக்கப் போறே?"ன்னு கேட்டுட்டுத்தான் அனுப்புவாங்க.