கள்ளத்தோணி யார்?



எல்லையைக் காப்பதும், அனுமதியின்றி வருகிறவர்களைத் தடுப்பதும் எந்தச் சர்க்காருக்கும் உள்ள வேலைதான். அதை நான் ஆட்சேபிக்க வரவில்லை. ஆனால் அந்தக் காவலின் பேரால் குற்றமற்றவன் தலையில் பழி போட்டால் சும்மாயிருக்கலாமா?

இலங்கையைப் பாருங்கள். தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தமிழனைக் "கள்ளத்தோணி" என்று ஏசினார்கள். அவன் பாட்டன் திருட்டுத்தனமாகவா போனான்? வெள்ளைக்காரத் துரைக்கு ஆள் வேண்டுமென்று கங்காணியல்லவா கூட்டிப் போனான்! அந்நாள் இலங்கைச் சர்க்காரே மண்டபத்தில் முகாம் போட்டு, வைத்தியப் பரிசோதனை செய்து கப்பலேற்றியது. உழைப்பு வேண்டியபோது கதவைத் திறந்தார்கள். 1948-ம் வருஷத்துப் பிரஜா உரிமைச் சட்டத்திலோ, "உன் தகப்பன் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கொண்டுவா" என்றார்கள். லயத்தில் பிறந்தவனுக்கு அத்தாட்சிக் காகிதம் ஏது?

1964-ல் இரண்டு சர்க்காரும் கூடி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டன. 1,50,000 பேர் எவருக்குமில்லாமல் மீதி! பிரஜையாகாமல் அங்கே மிஞ்சியிருந்தவர்களுக்கு 2003-ம் வருஷத்துச் சட்டத்தில்தான் வழி பிறந்தது.

தோழர்களே! திரும்பி வந்து நீலகிரியில் குடியேறியவர்களை நாமும் "சிலோன்காரன்" என்றுதானே ஒதுக்கினோம்? பிறவியால் ஒருவன் தாழ்ந்தவனென்பதை ஒப்பாத நாம், பாட்டன் பிறந்த ஊரால் அவன் அந்நியனென்பதை மட்டும் ஒப்பலாமா? காவல் கரையில் இருக்கட்டும், பிறப்பின்மேல் வேண்டாம்.