ஒலியை ஒட்டும் கலை

பேசிய சொல் காற்றோடு கலந்து மறைந்துவிடும் என்பது நெடுங்காலமாக மாறாதிருந்த உண்மை. அந்த உண்மையை 1877ஆம் ஆண்டில் தோமஸ் அல்வா எடிசன் மாற்றினார். அவர் அமைத்த கருவி மனிதக் குரலைப் பிடித்து வைத்து மீண்டும் ஒலிக்கச் செய்தது. ஆயினும் உருளையிலும் இசைத்தட்டிலும் பதிந்த ஒலியைத் துணியை வெட்டித் தைப்பதுபோல வெட்டி இணைக்க இயலவில்லை. பாடகர் இடையிலே ஓரடியைத் தவறவிட்டால், முதலடியிலிருந்தே மறுபடி பாட வேண்டியதாயிற்று.

இக்குறையைத் தீர்த்தது காந்த நாடாவாகும். ஜேர்மனியைச் சேர்ந்த பிரிற்ஸ் புளொய்மர் என்பார் காந்தத்தன்மை பெறும் தூளை நாடாவிற் பூசி ஒலியைப் பதியும் முறைக்கு 1928இல் காப்புரிமை பெற்றார். அம்முறையில் அமைந்த மக்னெற்றோபோன் என்னும் இயந்திரம் 1935ஆம் ஆண்டு பேர்லின் வானொலிக் கண்காட்சியில் காட்டப்பட்டது. இரண்டாவது உலக யுத்தம் முடிந்தபின், ஐக்கிய அமெரிக்கப் படையிலே பணிபுரிந்த ஜாக் முல்லின் அத்தகைய இயந்திரங்கள் இரண்டைத் தம் நாட்டுக்கு அனுப்பிச் செப்பனிட்டார். 1947 முதல் பாடகர் பிங் குரோஸ்பியின் வானொலி நிகழ்ச்சி நாடாவிற் பதிவாகி, வெட்டித் தொகுக்கப்பட்டு ஒலிபரப்பாகியது.

அக்காலத்தில் ஒலியை ஒட்டுவது கைத்தொழிலாகவே இருந்தது. நிலையங்களிற் பயன்பட்ட நாடா காலங்குல அகலமுடையது. அது செக்கனுக்கு 15 அங்குலம் என்னும் வேகத்தில் ஓடுமாயின், ஒரு செக்கன் மௌனம் 15 அங்குல நாடாவாகக் கண்முன்னே கிடக்கும். தொகுப்பாளர் வெட்டவேண்டிய இடத்தைக் காதாற் கேட்டறிந்து மெழுகுப் பென்சிலாற் குறியிடுவார். பள்ளம் வெட்டிய உலோகக் கட்டையில் நாடாவை வைத்துச் சவர அலகினாற் சாய்வாக அறுப்பார். இரு முனைகளையும் நெருங்கச் சேர்த்துப் பின்புறத்தில் ஒட்டுநாடா பதிப்பார். நேராக அறுக்காமற் சாய்வாக அறுத்ததற்குக் காரணம் உண்டு. நேராக அறுத்தால் ஓர் ஒலி சட்டென நின்று மற்றது சட்டெனத் தொடங்கும். அவ்விடத்தில் ‘டிக்’ என்ற ஓசை எழும். சாய்வாக அறுத்தால் ஒன்று தேய மற்றது வளரும். ஒட்டுக் காதுக்குத் தெரியாது.

இன்று நாடாவின் இடத்தை எண்கள் பிடித்துக்கொண்டன. 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டில், ஒலியலையின் உயரம் செக்கனுக்கு 44,100 முறை அளக்கப்பட்டு எண்ணாக எழுதப்படுகின்றது. இடம் வலம் என இரு தடங்களுக்கும் இவ்வாறு எழுதினால், ஒரு நிமிட ஒலிக்கு ஒரு கோடி பைற்றுக்குச் சற்று மேலாக இடம் வேண்டும். எம்.பி.3 என்னும் முறையோ, செவி உணரமாட்டாத நுணுக்கங்களை நீக்கி அதனைப் பதினொன்றில் ஒரு பங்களவுக்குச் சுருக்க வல்லது. கைத்தொலைபேசியில் மணிக்கணக்கான பேச்சு சிறிய இடத்தில் அடங்குவது இத்தகைய சுருக்கத்தினாலேயே ஆகும்.

எண்களாகிய ஒலியை இணைப்பது எளிது எனத் தோன்றலாம். ஒரு கோப்பின் முடிவில் மற்றொன்றை வைத்தாற் போதாதா என வினவலாம். போதாது. வேவ் எனப்படும் கோப்பின் தலைப்பிலே, ‘இதனுள் இவ்வளவு ஒலி உண்டு’ என்ற கணக்கு எழுதப்பட்டிருக்கும். இரண்டாவது கோப்பை அப்படியே பின்னாற் சேர்த்தால், பழைய கணக்கு மாறாது. கேட்கும் கருவி முதற் கோப்பு முடிந்தவுடன் நின்றுவிடும். சேர்த்த பகுதி உள்ளே இருந்தும் ஊமையாகக் கிடக்கும். எம்.பி.3 கோப்புகளை அவ்வாறு சேர்த்தாற் பெரும்பாலும் ஒலிக்கும். ஆனாற் சுருக்கும்போது தொடக்கத்திலும் முடிவிலும் சேரும் சிறு மௌனம் ஒட்டிடத்தில் விக்கலாக வெளிப்படும்.

வேகத்தையும் கவனித்தல் வேண்டும். செக்கனுக்கு 48,000 முறை அளந்த பேச்சை 44,100 என்ற கணக்கில் ஒலிக்கவிட்டால், குரல் நூற்றுக்கு எட்டுப் பங்களவு தாழ்ந்து மந்தமாகும். இளைஞர் முதியவர்போலப் பேசுவார். ஆகவே நல்ல கருவியானது ஒவ்வொரு கோப்பையும் பிரித்து எண்களாக்கி, யாவற்றையும் ஒரே அளவைக்குக் கொணர்ந்து, வரிசையாக அடுக்கிப் புதுத் தலைப்புடன் எழுதித் தருகின்றது.

இவ்வேலைக்கு முன்னர்த் தனி மென்பொருளைக் கணினியில் நிறுவ வேண்டியிருந்தது. இப்பொழுது இணைய உலாவியே அதனைச் செய்யும். உலாவிக்குள் ஒலியைக் கையாளும் விதிமுறை, உலகளாவிய வலை இணையத்தின் பரிந்துரையாக 2021இல் வெளியிடப்பட்டது. சவர அலகும் மெழுகுப் பென்சிலும் இன்று ஓர் இணையப் பக்கத்துள் அடங்கிவிட்டன எனலாம்.

ஒரு குடும்பத்தார் தம் பாட்டியாரின் வாழ்க்கைக் கதையைப் பத்து மாலைப்பொழுதுகளில் பத்துத் துண்டுகளாகப் பதிந்து வைத்திருக்கின்றனர் எனக் கொள்வோம். முதற்கண் கோப்புகளுக்கு வரிசைப்படி பெயரிடல் வேண்டும். 1, 2 எனப் பெயரிட்டாற் சில கருவிகள் 1க்கு அடுத்து 10ஐ வைக்கும். இளமைக் கதைக்குப்பின் முதுமைக் கதை வந்துவிடும். 01, 02 எனப் பெயரிட்டால் இக்குழப்பம் நேராது. பின்னர்க் கோப்புகளைத் தெரிந்து, வரிசையைச் சரிபார்த்து, வெற்றொலியை நீக்கி, உரத்த பகுதியையும் மெல்லிய பகுதியையும் சமப்படுத்தல் வேண்டும். ஒட்டிடங்களில் ஒன்று தேய மற்றது வளரும்படி அமைத்தாற் பழைய சாய்வெட்டின் பயன் கிட்டும். இறுதியிற் சேமித்ததை முழுவதும் ஒருமுறை கேட்டல் வேண்டும்.

ஒலி நீளமாயின் உலாவி திணறக்கூடும். சுருங்கிய கோப்பு சிறிதாயினும், பிரித்தபின் பருத்துவிடும். இரு தடங்களாகிய ஒரு மணி நேர ஒலி உலாவியின் நினைவகத்தில் ஏறத்தாழ 127 கோடி பைற்றுகளைக் கொள்ளக்கூடும். ஆதலாற் பகுதி பகுதியாக இணைப்பதே அறிவுடைமை.

இனி, இதிலுள்ள பெரிய பொறுப்புகள் மூன்று.

முதலாவது, குரல் எங்கே செல்கின்றது என்பது. சில கருவிகள் கோப்பைத் தொலைவிலுள்ள வேறொருவர் கணினிக்கு அனுப்பி அங்கே இணைக்கும். வேறு சில எல்லாவற்றையும் அவரவர் கணினியிலேயே செய்து முடிக்கும். நோயாளியின் பேச்சோ குடும்ப இரகசியமோ அடங்கிய பதிவு பிறர் கைக்குச் செல்லலாகாது. பக்கம் முழுவதும் திறந்தபின் இணையத் தொடர்பைத் துண்டித்து, அதன்பின் கோப்பைத் தெரிந்து இணைத்துப் பார்த்தால், கருவி எவ்வகையைச் சேர்ந்தது என்பது விளங்கும். வேலை முடிந்து, பக்கத்தை மூடியபின்னரே தொடர்பை மீட்டல் நன்று.

இரண்டாவது, மூலத்தைக் காத்தல். எம்.பி.3 கோப்பைப் பிரித்து மறுபடி சுருக்குந்தோறும் ஒலியின் நயம் சிறிது குன்றும். ஒருமுறை இழந்ததை மீட்கவியலாது. இணைத்த கோப்பு கைக்கு வந்தவுடன் துண்டுகளை அழிப்பது, அறுவடை முடிந்ததென்று விதைநெல்லையும் குற்றுவதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது, நேர்மை. குரோஸ்பியின் நிகழ்ச்சியில் நடந்த ஒன்றை முல்லின் பிற்காலத்திற் கூறியுள்ளார். நகைச்சுவையாளர் ஒருவர் சொன்ன கதைகளுக்குச் சபையோர் விழுந்து விழுந்து சிரித்தனர். கதைகள் ஒலிபரப்பத் தகாதன என விலக்கப்பட்டன. சிரிப்பு மட்டும் நாடாவில் எஞ்சியது. சில வாரங்களின்பின் நகைச்சுவை குன்றியிருந்த வேறொரு நிகழ்ச்சியில் அந்தச் சிரிப்பு ஒட்டப்பட்டது. இவ்வாறு நடவாத சிரிப்பு நடந்ததுபோல ஒலித்தது.

சிரிப்பை இடம் மாற்றிய கை, சொல்லையும் இடம் மாற்றவல்லது. ‘இல்லை’ என்ற ஒரு சொல்லை நீக்கினால் மறுப்பு உடன்பாடாகிவிடும். ஒரு வினாவுக்குக் கூறிய விடையை வேறொரு வினாவின்பின் வைத்தாற் குற்றமற்றவர் குற்றவாளியாவார். பழைய நாடாவில் ஒட்டிய இடத்தை விரலாற் தடவி அறியலாம்; அது வெட்டியவருக்கு எதிரான சாட்சியாக இருந்தது. எண்களாலான ஒலியிலோ தேர்ந்த கை இட்ட ஒட்டுக்குத் தழும்பே தெரிவதில்லை. ஆதலால் எவ்விடத்தில் வெட்டினோம், எதனை நீக்கினோம் என்ற குறிப்பொன்றை எழுதிக் கோப்புடன் வைத்தல், பிறர் குரலை ஒட்டுவோர் யாவர்க்கும் கடமையாகும். பாட்டியாரின் கதையைப் பேரப்பிள்ளைகள் கேட்கும் நாளில், அது அவர் சொன்னபடியே உள்ளதென்று உறுதி கூற அக்குறிப்பும் மூலத் துண்டுகளுமே எஞ்சியிருக்கும்.